மரத்துக்கு மார்க் போடாதீர்கள்

குளிர்காலம் பாதி தாண்டியதும் ஈஸ்ட் பிரன்ஸ்விக், எடிசன் பக்கத்துப் பிள்ளைகள் அறிவியல் போட்டிக்கான போஸ்டர்களை எனக்கு அனுப்பத் தொடங்குவார்கள். "அண்ணா, ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க." இப்போதெல்லாம் அவற்றில் பாதியில் ஒரு முடிவு மரம் இருக்கிறது. நடுவில் வண்ணப் பெட்டிகளோடு அழகான மரம். மேலே, தலைப்பைவிடப் பெரிய எழுத்தில் ஓர் எண்: "துல்லியம் 94%."

அந்த எண்ணை எடுத்துவிடச் சொல்கிறேன். சிறிதாக்கினால் போதாது, எடுத்துவிட வேண்டும். அதற்கு முன்னால் வேறு சில எண்கள் வந்து நின்ற பிறகு, இடம் மிச்சமிருந்தால் ஓர் ஓரத்தில் அதை வைத்துக்கொள்ளலாம். இதைச் சொன்னால் பிள்ளைகள் முகம் சுருங்குகிறது, பெற்றோர் முகம் இன்னும் சுருங்குகிறது. ஆகவே காரணத்தை ஒரு முறை விரிவாக எழுதிவிடுகிறேன்.

முடிவு மரம் என்பது கேள்வி மேல் கேள்வி கேட்டு ஆட்களைப் பிரித்துக்கொண்டே போகும் முறை. வயது இதற்கு மேலா? மேல் என்றால் இந்தப் பக்கம், இல்லை என்றால் அந்தப் பக்கம். கடைசியில் வரும் இலையில் ஒரு பதில் இருக்கும். எந்தக் கேள்வியை எங்கே கேட்பது என்பதைத் தரவைப் பார்த்து மென்பொருளே முடிவு செய்யும். 1984-இல் பிரைமன், ஃப்ரீட்மன், ஓல்ஷன், ஸ்டோன் என்ற நால்வர் எழுதிய 'கார்ட்' புத்தகத்திலிருந்து இது பரவலானது.

நாம் இருக்கும் இந்த நியூ ஜெர்சிக்கும் இந்தக் கதையில் பெரிய பங்கு உண்டு. இங்கிருந்து 287-ஐப் பிடித்து வடக்கே போனால் ஒரு மணி நேரத்துக்குள் மர்ரே ஹில் வந்துவிடும். அங்கே பெல் ஆய்வகத்தில் 1976-இல் தொடங்கியதுதான் 'எஸ்' என்ற புள்ளியியல் மொழி. நீங்கள் இன்று பயன்படுத்தும் 'ஆர்' அதன் வாரிசு. அந்த ஆய்வகத்தின் ஜான் சேம்பர்ஸும் டிரெவர் ஹேஸ்டியும் தொகுத்து 1992-இல் வந்த எஸ் புத்தகத்தில் மரங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அந்தப் புத்தகத்தில் வந்த ஒரு சிறு தரவு இன்றைக்கும் ஆர்-இன் 'ஆர்பார்ட்' தொகுப்போடு சேர்ந்தே உங்கள் கணினிக்கு வந்துவிடுகிறது. அதன் பெயர் கைபோசிஸ், அதாவது முதுகில் விழும் கூன். நான் சொல்ல வேண்டியதெல்லாம் அந்தச் சின்னத் தரவுக்குள்ளேயே இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

முதுகெலும்பில் திருத்த அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 81 குழந்தைகள். சிகிச்சைக்குப் பின் 17 பேருக்குக் கூன் இருந்தது, 64 பேருக்கு இல்லை. ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் மூன்றே விவரங்கள்: மாதக் கணக்கில் வயது, எத்தனை முள்ளெலும்புகள் சம்பந்தப்பட்டன, மேலிருந்து எண்ணினால் எத்தனையாவது எலும்பில் அறுவை தொடங்கியது. ஆர்பார்ட்டிடம் கொடுத்தால் ஒரு நொடிகூட ஆகாது, நான்கு கேள்விகளும் ஐந்து இலைகளும் கொண்ட மரம் வந்துவிடும். அறுவை எட்டாவது எலும்பிலோ அதற்கு மேலேயோ தொடங்கியிருந்தால் "கூன் உண்டு" என்று உடனே சொல்லிவிடுகிறது. மற்றவர்களிடம் இன்னும் மூன்று கேள்விகள் கேட்கிறது. 81 பேரில் 68 பேருக்குச் சரியான பதில். துல்லியம் 84%. போஸ்டரில் போட்டால் நன்றாகத்தான் இருக்கும்.

இப்போது மரமே வேண்டாம், ஒரு கேள்விகூடக் கேட்க வேண்டாம். வருகிற குழந்தைகள் அத்தனை பேரிடமும் கண்ணை மூடிக்கொண்டு "உனக்குக் கூன் இல்லை" என்று சொல்லுங்கள். 64 பேருக்குச் சரி. துல்லியம் 79%.

அவ்வளவுதான் வித்தியாசம். நான்கு கேள்வி கேட்ட மரம் 13 தவறு செய்கிறது, ஒன்றுமே கேட்காதவர் 17 தவறு செய்கிறார். மரம் சம்பாதித்தது நான்கு குழந்தைகளை.

நம் வீடுகளில் எண்களைப் படிக்க ஒரு பழக்கம் இருக்கிறது. 94 என்றால் "மீதி ஆறு எங்க போச்சு?" 61 என்றால் வீட்டில் அன்றைக்கு யாரும் பேச மாட்டார்கள். ஊரில் படித்த அப்பா அம்மாக்களுக்கு அறுபது ஃபர்ஸ்ட் கிளாஸ், எழுபத்தைந்து டிஸ்டிங்ஷன். அந்தக் கண்ணாடி வழியாகத்தான் துல்லியத்தையும் பார்க்கிறோம். ஆனால் பரீட்சையில் வெற்றுத் தாள் கொடுத்தால் பூஜ்யம். மரத்தின் பரீட்சையில் அப்படி இல்லை. இந்தக் கூன் தரவில் வெற்றுத் தாளுக்கே 79 மார்க். வேறொரு தரவில் வெற்றுத் தாளுக்கு 95 கிடைக்கலாம். வெற்றுத் தாளுக்கு எவ்வளவு என்று சொல்லாமல் 94 என்று எழுதுவது, எந்த மாடியிலிருந்து அளந்தேன் என்று சொல்லாமல் உயரத்தைச் சொல்வது போல.

ஆர்பார்ட்டை எழுதிய தெர்னோவுக்கும் அட்கின்சனுக்கும் இது நன்றாகத் தெரியும். அவர்களுடைய மென்பொருளில் மரத்தின் செயல்திறனைக் காட்ட 'பிரிண்ட்சிபி' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அது மேலே முதலில் அச்சிடுவது மரத்தின் மார்க்கை அல்ல, வெற்றுத் தாளின் தவறை: 17/81 = 0.20988. அதற்குக் கீழேதான் அட்டவணை. அதில் 'ரெல் எரர்' என்ற நிரலில் முதல் வரி எப்போதும் 1. வெற்றுத் தாளின் தவறை 1 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதோடு ஒப்பிடுகிறார்கள். நம் மரத்துக்கு அது 0.76471, அதாவது 13/17. இதைப் பார்த்துவிட்டு "பிழை 76%" என்று எழுதிய போஸ்டரையும் பார்த்திருக்கிறேன், "துல்லியம் 24%" என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் இல்லை. 0.76471-ஐ 0.20988-ஆல் பெருக்கினால் 0.16. அதுதான் உண்மையான பிழை.

பக்கத்தில் இன்னொரு நிரல் இருக்கிறது, 'எக்ஸ்எரர்'. போஸ்டர்களில் யாரும் அதைப் போடுவதில்லை. போட வேண்டியதே அதுதான். ரெல் எரர் என்பது மரம் எந்தக் குழந்தைகளைப் பார்த்து வளர்ந்ததோ அதே குழந்தைகளிடம் மறுபடி போய் எடுத்த மார்க். கேள்வித்தாளை முந்தின நாளே பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுவது மாதிரி. எக்ஸ்எரர் அப்படி அல்ல. 81 பேரைப் பத்துக் குழுவாகப் பிரித்து, ஒன்பதை வைத்து மரம் வளர்த்து, பார்க்காத பத்தாவது குழுவிடம் சோதித்து, இப்படிப் பத்து முறை சுற்றி வந்த பிறகு கிடைக்கும் எண். குழு பிரிப்பது குலுக்கல் என்பதால் ஒவ்வொரு முறையும் சற்று மாறும். நீங்களே ஓட்டிப் பாருங்கள். எனக்குப் பெரும்பாலும் 1-ஐ ஒட்டியோ 1-க்கு மேலேயோதான் வருகிறது. 1-க்கு மேல் என்றால் என்ன பொருள்? புதிதாக ஒரு குழந்தை வந்தால், இந்த அழகான மரத்தைவிடக் கண்ணை மூடிக்கொண்டு சொல்பவரே தேவலாம். 84% என்ற எண்ணைப் பார்த்து இதை யாரால் கண்டுபிடிக்க முடியும்?

இத்தோடு விட்டால் மரத்துக்கு அநியாயம் செய்தவன் ஆவேன். தவறுகளை எண்ணாமல் வகை பிரித்துப் பாருங்கள். மரம் 26 குழந்தைகளுக்குக் "கூன் உண்டு" என்றது. அவர்களில் 15 பேருக்கு உண்மையாகவே இருந்தது, 11 பேருக்கு இல்லை. கூன் இருந்த 17 பேரில் மரம் தவறவிட்டது இரண்டே பேரை. கண்ணை மூடியவர் 17 பேரையும் தவறவிட்டார்! (இந்த 15-உம் பழைய கேள்வித்தாளில் எடுத்ததுதான், மறக்க வேண்டாம்.) ஆக 79-க்கும் 84-க்கும் இடையிலான அந்த ஐந்து புள்ளி, மரத்தின் கெட்டதையும் மறைக்கிறது, நல்லதையும் மறைக்கிறது. ஒற்றை எண்ணின் மேல் எனக்குள்ள கோபம் இதுதான். அது பொய்கூட இல்லை. எதையுமே சொல்லாமல் எல்லாம் சொன்ன மாதிரி நிற்கிறது.

"சரி அண்ணா, 81 பேர் பழைய கதை" என்பீர்கள். சென்னைக்குப் போவோம். மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையத்தின் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-இல் ஒரு எளிய மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள், இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் என்று. தனக்கே தெரியாமல் நீரிழிவோடு நடமாடுகிறவர்களைக் கண்டுபிடிக்க நான்கே விவரங்கள்: வயது, இடுப்புச் சுற்றளவு, பெற்றோருக்கு இருக்கிறதா, உடலுழைப்பு எவ்வளவு. ரத்தம் எடுக்க வேண்டாம், ஒரு டேப் இருந்தால் போதும். நூற்றுக்கு 60 அல்லது அதற்கு மேல் வந்தால் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இது மரம் அல்ல, புள்ளிகளைக் கூட்டும் முறை. ஆனால் செயல்திறனைக் காட்டும் எண்கள் இரண்டுக்கும் ஒன்றுதான்.

அதன் துல்லியம் எவ்வளவு தெரியுமா? 61.3%.

போட்டியில் வைத்தால் முதல் சுற்றிலேயே வெளியே. ஆனால் அவர்கள் அந்த எண்ணைத் தனியாக வைக்கவில்லை. கூடவே மற்றவற்றையும் சொன்னார்கள். நோய் உள்ளவர்களில் 72.5 சதவீதம் பேரைப் பிடிக்கிறது. இல்லாதவர்களில் 60.1 சதவீதம் பேரைச் சரியாக விடுவிக்கிறது. "இருக்கலாம்" என்று சொல்லப்பட்டவர்களில் உண்மையாகவே இருப்பவர்கள் 17 சதவீதம். "இல்லை" என்று சொல்லப்பட்டவர்களில் 95.1 சதவீதம் பேருக்கு உண்மையாகவே இல்லை. இந்த எண்களிலிருந்து திருப்பிக் கணக்குப் போட்டால் அந்தக் கூட்டத்தில் தெரியாத நீரிழிவு ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு என்று வரும். அப்படியானால் வெற்றுத் தாளுக்கு எத்தனை மார்க்? தொண்ணூறு! எல்லோரிடமும் "உங்களுக்கு ஒன்றுமில்லை, போங்க" என்று சொல்லும் போலி டாக்டர் 90% துல்லியம் வாங்குவார். மோகன் குழுவின் முறை 61.3% வாங்கும். உங்கள் தாத்தா பாட்டியை எவரிடம் அனுப்புவீர்கள்?

அதையே ஆட்களாக மாற்றிப் பார்ப்போம். ஆயிரம் பேர், நூறு பேருக்குத் தெரியாத நீரிழிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். டேப்பும் கேள்விகளும் சேர்ந்து 73 பேரைப் பிடிக்கும், 27 பேரைத் தவறவிடும். நோயில்லாத 900 பேரில் 541 பேர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள், 359 பேர் வீணாக ஒரு ரத்தப் பரிசோதனைக்குப் போவார்கள். 73, 27, 541, 359. நான்கு கட்டம். 'கன்ஃப்யூஷன் மேட்ரிக்ஸ்' என்று பயமுறுத்தும் பெயர் வைத்திருக்கிறார்கள், உள்ளே இருப்பது இவ்வளவுதான். 359 பேர் விரலில் ஒரு குத்து வாங்குவார்கள், பாதகமில்லை. 27 பேரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். இப்படி யோசிக்க வைப்பது நான்கு கட்டம். 61.3 என்ற எண் "பாஸா ஃபெயிலா" என்று மட்டும்தான் கேட்க வைக்கும்.

எந்தக் கட்டத்துக்குக் கவலைப்படுவது என்பதும் இடத்துக்கு இடம் மாறும். நியூ ஜெர்சியில் 2017 ஜனவரி 1 முதல் பணம் கட்டி ஜாமீன் எடுக்கும் முறை ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. கைதானவரைப் பற்றிய ஒன்பது விவரங்களை எடுத்துக்கொண்டு ஒரு மதிப்பீட்டு முறை இரண்டு எண்களைத் தருகிறது: நீதிமன்றத்துக்கு வராமல் போவாரா என்பதற்கு 1 முதல் 6 வரை ஒன்று, புதுக் குற்றம் செய்வாரா என்பதற்கு 1 முதல் 6 வரை இன்னொன்று. நமக்குப் பக்கத்தில் நியூ பிரன்ஸ்விக்கில் இருக்கும் நீதிமன்றத்திலும் நீதிபதி அதைப் பார்க்கிறார். முடிவு அவருடையது, ஆனால் எண் அவர் கையில் இருக்கிறது. அங்கே "வீணாகப் பிடிபட்டவர்" என்ற கட்டம் விரலில் குத்து அல்ல. விடுதலையாகியிருக்க வேண்டிய ஒருவர் விசாரணை வரை உள்ளே இருப்பது. அதே நான்கு கட்டம், அதே கணக்கு, ஆனால் அங்கே 359 என்பது தாங்க முடியாத எண். துல்லியத்தை மட்டும் அச்சிட்டால் இந்த இரண்டு இடங்களும் ஒன்றுபோலத் தெரியும்.

ஒரு சின்ன விலகல். நம் பிள்ளைகள் போஸ்டருக்கு அடிக்கடி எடுப்பது பிமா இந்தியர் நீரிழிவுத் தரவு. "நம்ம ஆளுங்க டேட்டா அண்ணா" என்று ஒரு தம்பி பெருமையாகச் சொன்னான். பிமா மக்கள் அரிசோனாவின் பூர்வகுடிகள், கண்ணா. நமக்கும் அவர்களுக்கும் உள்ள உறவு கொலம்பஸ் செய்த குழப்பம் மட்டும்தான். 768 பெண்கள், 268 பேருக்கு நீரிழிவு, ஆகவே வெற்றுத் தாளுக்கு 65. அதில் 35 பேருக்கு ரத்த அழுத்தம் பூஜ்யம் என்று பதிவாகியிருக்கிறது! அளவு எடுக்காமல் விட்ட இடத்தில் பூஜ்யம் போட்டிருக்கிறார்கள். மரத்துக்கு அது தெரியாது. பூஜ்யத்தை வைத்தும் அழகாக ஒரு கிளை பிரித்துக் காட்டும். துல்லிய எண்ணும் இதைப் பற்றி வாய் திறக்காது.

மென்பொருள் எழுதுகிறவர்களையும் சும்மா விடக் கூடாது. பைதானில் சைகிட்-லேர்ன் மரத்துக்கு நீங்கள் ஒரு கட்டுப்பாடும் சொல்லாவிட்டால் ஒவ்வொரு இலையிலும் ஒரே வகை ஆட்கள் மிஞ்சும் வரை அது வளர்ந்துகொண்டே போகும். பிறகு அதே தரவைக் கொடுத்து 'ஸ்கோர்' கேட்டால் 1.0, நூற்றுக்கு நூறு. அந்த 1.0-ஐ நம்பிக் கல்லூரி விண்ணப்பத்தில் எழுதியவர்கள் உண்டு. எஸ்பிஎஸ்எஸ்-இல் சரிபார்ப்பு வேண்டுமா என்ற இடத்தில் முன்கூட்டியே தேர்வாகியிருப்பது "வேண்டாம்". நியூசிலாந்தில் வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் உருவான வீகா இதில் யோக்கியம், கேட்காமலே பத்துக் குழுச் சோதனை செய்து நான்கு கட்டத்தையும் அச்சிடும். ஆர்-இல் மேக்ஸ் குன் எழுதிய 'கேரட்' இன்னும் ஒரு படி மேல். துல்லியத்துக்குச் சற்றுக் கீழே வெற்றுத் தாளின் மார்க்கையும் அச்சிட்டு, அதைவிட நிஜமாகவே மேலா என்று சோதித்தும் சொல்லும். அந்த வரியின் பெயர் 'நோ இன்ஃபர்மேஷன் ரேட்', எதையும் தெரிந்துகொள்ளாமல் கிடைக்கும் விகிதம். இதைவிட நல்ல பெயர் எனக்குத் தோன்றவில்லை. அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டு மேலே உள்ளதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டுகிறார்களே, அவர்களை என்ன சொல்வது!

வழக்கமாக வரும் மறுப்பு: "நடுவர் ஒரு போஸ்டர் முன்னால் இரண்டு நிமிடம்தான் நிற்பார். நான்கு கட்டமெல்லாம் யார் பார்ப்பது?" இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். உங்கள் பாட்டியிடம் "துல்லியம் 61.3 சதவீதம், பாட்டி" என்று சொல்லிப் பாருங்கள். பிறகு "ஆயிரம் பேர் வந்தா நூறு பேருக்குச் சக்கரை இருக்கும் பாட்டி, அதுல எழுபத்தி மூணு பேரைக் கண்டுபிடிச்சிரும், இருபத்தி ஏழு பேரை விட்டுரும்" என்று சொல்லுங்கள். முதலாவதற்குத் தலையாட்டுவார். இரண்டாவதற்கு "அந்த இருபத்தி ஏழு பேரு என்னடா ஆவாங்க?" என்று கேட்பார். நடுவரும் அதையே கேட்டால், உங்கள் போஸ்டர் தன் வேலையைச் செய்துவிட்டது.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் வலுவானது. "எல்லோரும் 94, 97 என்று போடும்போது நான் மட்டும் 'வெற்றுத் தாளுக்கு 79, என் மரத்துக்கு 81' என்று எழுதினால் தோற்றுப்போவேனே?" தோற்கலாம். மறைக்க மாட்டேன். நான் ஆலோசகராகப் போகும் அலுவலகங்களிலும் இதே ஆட்டம் நடக்கிறது, திரையில் பெரிதாகப் பச்சை எண் காட்டுகிறவருக்குத்தான் கைத்தட்டல். ஆறு மாதம் கழித்து அந்த மாதிரி எவரையெல்லாம் தவறவிட்டது என்று கேள்வி வரும்போது, அந்தப் பச்சை எண்ணில் விடை இருக்காது. அப்போது நான்கு கட்டத்தைக் கேட்பார்கள். அதை முதல் நாளே போட்டு வைத்தவரைத் தேடுவார்கள்.

போஸ்டரில் என்னதான் போடுவது என்றால் இதோ: எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்கு உண்டு, ஒன்றும் செய்யாவிட்டால் எத்தனை தவறு. இது முதலில், பெரிய எழுத்தில். அடுத்து நான்கு கட்டம், சதவீதமாக அல்ல, ஆட்களாக, மரம் பார்க்காத ஆட்களை வைத்து எண்ணியதாக. ஆர்பார்ட் என்றால் 'பிளாட்சிபி' வரையும் படத்தையும் போடுங்கள். மரம் வளர வளர எக்ஸ்எரர் எங்கே போகிறது என்று பிழைக்கோடுகளோடு காட்டும், எந்த அளவில் வெட்டலாம் என்பதற்கு ஒரு புள்ளிக்கோடும் இருக்கும். கூன் தரவுக்கு அதை வரைந்தால் கோடு கீழே இறங்குவதற்குப் பதிலாக மேலே ஏறுவதைப் பலமுறை பார்ப்பீர்கள். அந்த ஒரு படத்தை வைத்தே ஒரு முழுப் போஸ்டர் போடலாம்: "இந்தத் தரவில் மரம் ஏன் தோற்கிறது?"

மரத்தின் படம் கடைசியில் வரட்டும். வண்ணப் பெட்டிகள் எல்லாம் அங்கே இருக்கட்டும்.